சார்ட்டிஸ்டுகள் தோற்றார்களா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீட்டர்லூ படுகொலை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1819-இல் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு மான்செஸ்டர் திடலில் கூடிய மக்கள்மீது குதிரைப்படையை ஏவியதை மனம் பதற எழுதியிருந்தீர்கள். ஆனால் கட்டுரையின் முடிவில், அந்தத் திடலில் தொடங்கி, தொழிலாளர்களுக்கும் வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகள் வரை வந்து, இங்கிலாந்தின் ஜனநாயகத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் இவர்களே என்று சொல்லியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. நான் கல்லூரியில் படித்த வரலாறு வேறு. பிரான்சைப்போல ரத்தம் சிந்தாமல் 1832, 1867, 1884 என்று நாடாளுமன்றமே படிப்படியாகச் சட்டம் இயற்றி வாக்குரிமையை விரிவாக்கியது. சார்ட்டிஸ்டுகள் மூன்று முறை மனு கொடுத்தார்கள், மூன்று முறையும் எடுபடவில்லை. கடைசி மனுவில் விக்டோரியா ராணியின் பெயரிலேயே போலிக் கையெழுத்து இருந்தது, ஊரே சிரித்தது. தோற்றுப்போன ஓர் இயக்கத்துக்கு இவ்வளவு பெருமை சேர்க்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் வரலாற்றில் ஆண்டுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அந்தச் சட்டங்கள் எந்த நெருக்கடியில் வந்தன என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது.

1832-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை சீர்திருத்த மசோதாவைத் தள்ளுபடி செய்ததும் நாட்டிங்ஹாம் கோட்டை தீக்கிரையானது. பிரிஸ்டல் நகரம் மூன்று நாள்கள் கலவரக்காரர்கள் கையில் இருந்தது. அதன் பிறகே பிரபுக்கள் இறங்கிவந்தார்கள். வந்தும் என்ன கொடுத்தார்கள்? நகரங்களில், ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு ஓட்டு. அந்த மசோதாவுக்காகத் தெருவில் இறங்கிய நெசவாளிக்கும் செருப்புத் தைப்பவருக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும் என்று முதன்முதலாகச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியதும் அப்போதுதான். சார்ட்டிஸ்ட் இயக்கம் இந்த ஏமாற்றத்தில் பிறந்தது. நடுத்தர வர்க்கம் தங்கள் தோள்மீது ஏறி உள்ளே போய், பிறகு கதவைச் சாத்திக்கொண்டது என்ற கோபம் அவர்களுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

1838 மே மாதம் 'மக்கள் சாசனம்' (பீப்பிள்ஸ் சார்ட்டர்) வெளியானது, இயக்கத்தின் பெயர் இதிலிருந்துதான் வந்தது. அதை எழுதியதில் முக்கியமானவர் வில்லியம் லவெட், மரச்சாமான் செய்யும் தச்சர். இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வோர் ஆணுக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என ஆறு கோரிக்கைகள். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வரைவுக் கட்டத்தில் பேசியிருக்கிறார்கள். அதனால் மற்றவையும் தள்ளிப்போகும் என்று அஞ்சிக் கைவிட்டார்கள். மனுக்களில் பெண்கள் ஏராளமாகக் கையெழுத்திட்டிருந்தும் இப்படிச் செய்தது அந்த இயக்கத்தின் பெரிய குறை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

1839-இல் முதல் மனு, 12,80,000 கையெழுத்துகள். 235-க்கு 46 என்ற வாக்கில் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை அதைப் பரிசீலிக்கவே மறுத்தது. அந்த நவம்பரில் வேல்ஸின் நியூபோர்ட்டில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களும் இரும்பாலைத் தொழிலாளர்களும் ஊருக்குள் அணிவகுத்து வந்தார்கள். வெஸ்ட்கேட் விடுதிக்குள்ளிருந்து படைவீரர்கள் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரத்தம் சிந்தாத வரலாறு என்று எழுதியவர்களுக்கு இந்த ஊர் ஞாபகத்துக்கு வரவில்லை போலும்.

நீங்கள் தோல்வி என்று சொல்லும் மனுக்களில் இரண்டாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1842 மே 2. மொத்தம் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டியதில் ஆறு மைல் நீளம் வந்தது. அந்தச் சுருளை மரச்சட்டத்தில் ஏற்றித் தோளில் சுமந்து, லண்டன் தெருக்கள் வழியாக ஊர்வலமாக வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். வாசல் வழியே அது நுழையவில்லை. கடைசியில் சட்டத்தைப் பிரித்து, தாள்களை அள்ளி அள்ளி உள்ளே கொண்டுபோய்ச் சபை நடுவே குவித்தார்கள். குவியல் எழுத்தர்களின் மேசையைவிட உயர்ந்து நின்றது.

உள்ளே எழுதியிருந்தது அதைவிடக் கனமானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து இரண்டு கோடியே அறுபது லட்சம் பேர் இருக்கிறோம், ஒன்பது லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கே ஓட்டு என்றது மனு. 3,920 பேர் வாழும் கில்டுஃபோர்டும் மூன்று லட்சம் பேர் வாழும் டவர் ஹாம்லெட்ஸும் ஒரே எண்ணிக்கையில் உறுப்பினர்களை அனுப்புகின்றன என்றது. பிறகு, நான் எத்தனை முறை வாசித்தாலும் நின்றுவிடும் இடம்: ராணியின் சொந்தச் செலவுக்கு நாளொன்றுக்கு 164 பவுண்டு, 17 ஷில்லிங், 10 பென்ஸ் போகிறது, பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்களுக்கோ தலைக்கு நாளொன்றுக்கு மூன்றே முக்கால் பென்ஸ். கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு, பென்ஸ் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள் மாலையில் கூடி இதையெல்லாம் திரட்டி, வாசித்துக் காட்டி, ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அன்று நாடு முழுவதும் ஓட்டு வைத்திருந்தவர்களைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமானவர்கள் ஒப்பமிட்டார்கள். வாக்குச்சாவடிக்குள் விடப்படாதவர்கள் போட்ட ஓட்டு என்றே அந்தக் கையெழுத்துகளை நான் பார்க்கிறேன்.

மனுதாரர்களின் பிரதிநிதிகளைச் சபைக்கு அழைத்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று மறுநாள் தாமஸ் டன்கோம்ப் என்ற உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார். கவனியுங்கள், சாசனத்தை ஏற்க வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. 287 பேர் எதிர்த்தார்கள், 49 பேர் ஆதரித்தார்கள்.

எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவர், தாமஸ் மெக்காலே. 1834-இல் சென்னையில் கரையிறங்கி ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைச் சந்தித்தவர். மறு ஆண்டு இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வியே போதும் என்று குறிப்பு எழுதியவர். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆறு கோரிக்கைகளில் ரகசிய வாக்கெடுப்பு உள்ளிட்ட சிலவற்றை ஏற்க அவர் தயாராகவே இருந்தார். எல்லோருக்கும் ஓட்டு என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாகரிகம் சொத்தின் பாதுகாப்பின்மீது நிற்கிறது, சொத்து இல்லாத பெரும்பான்மை கையில் அதிகாரம் போனால் சொத்து பறிபோகும், எனவே பொது வாக்குரிமையும் நாகரிகமும் சேர்ந்து வாழ முடியாது என்பது அவர் வாதம்.

இதே வாதத்தை 195 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்து கேட்டிருக்கிறது. 1647 அக்டோபரில், மன்னரைப் போரில் வென்ற நாடாளுமன்றப் படையினர் லண்டனுக்கு அருகே பட்னி தேவாலயத்தில் கூடி, நாட்டை இனி எப்படி ஆள்வது என்று விவாதித்தார்கள். இங்கிலாந்தின் மிக ஏழையானவனுக்கும் மிகப் பெரியவனைப்போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல என்றார் கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ. நாட்டில் நிலையான சொத்து இல்லாதவனுக்கு ஆட்சியில் பங்கு இல்லை என்று மறுத்தார் படைத்தளபதி க்ராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன். அந்த விவாதத்தை எழுதிவைத்தவர் வில்லியம் கிளார்க். அவருடைய காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கல்லூரி நூலகத்தில் கிடந்து 1891-இல்தான் அச்சேறின. அப்படியானால் 1842-இல் கையெழுத்திட்ட நெசவாளி ரெயின்ஸ்பரோவின் பேச்சை வாசித்திருக்க வழியே இல்லை. தன் அனுபவத்திலிருந்து அதே இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்திருக்கிறார். இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு இந்த மனிதர்கள்மீது மாளாத மதிப்பு.

இனி மூன்றாவது மனுவின் அந்தப் போலிக் கையெழுத்துகள். 1848 ஏப்ரல் 10 அன்று கென்னிங்டன் திடலில் கூட்டம். அரசு பல்லாயிரம் தற்காலிகக் காவலர்களைத் திரட்டிப் பாலங்களை அடைத்தது. இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர் ஊர்வலத்தைக் கைவிட்டு, மனுவை வாடகை வண்டிகளில் அனுப்பினார். 57 லட்சம் கையெழுத்துகள் என்று அவர் சொன்னது மிகை. அதில் சந்தேகம் இல்லை. சபையின் குழு எண்ணி 19,75,496 என்றது. ராணி, வெலிங்டன் பிரபு பெயர்களெல்லாம் இருந்ததும் உண்மை.

ஆனால் அந்த எண்ணிக்கையையும் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். பதின்மூன்று எழுத்தர்கள், மூன்றே நாள்களில் அறிக்கை. அப்படியென்றால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். பதினான்கு மணி நேரம் கண்ணை எடுக்காமல் நொடிக்கு ஒன்று. இதில் எது நிஜம், எது போலி என்று எப்படிப் பிரித்தார்கள்? பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து இருக்கிறது என்பது குழுவின் இன்னொரு குற்றச்சாட்டு. எழுதத் தெரியாத தொழிலாளர்கள் நிறைந்த ஒரு தெருவில், தெரிந்த ஒருவர் எல்லோர் பெயரையும் எழுதித் தருவது இயல்பு. முதலாளி பார்த்தால் வேலை போய்விடும் என்று சொந்தப் பெயரை மறைத்தவர்களும் உண்டு. குழு சொன்ன எண்ணையே ஒப்புக்கொண்டாலும், ஏறத்தாழ இருபது லட்சம் பேரைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துபோயிருக்கிறது அந்தச் சபை.

அன்று திடலில் ஊர்வலத்தைக் கைவிடக் கூடாது என்று வாதாடியவர் வில்லியம் கஃபே. தையல்காரர், கறுப்பினத்தவர். தந்தை செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாக இருந்தவர். அந்த ஆகஸ்டில் சதி வழக்கில் கைதானார். விசாரணையில், என்னைப்போன்ற உழைப்பாளிகளை ஜூரிகளாக உட்கார வையுங்கள், எனக்குச் சமமானவர்கள் விசாரிக்கட்டும் என்று கேட்டார். மறுத்து, ஆயுள் முழுக்க நாடுகடத்தி டாஸ்மேனியாவுக்கு அனுப்பினார்கள். 1856-இல் மன்னிப்புக் கிடைத்தும் அவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே துணி தைத்தார், அங்கேயும் தொழிலாளர்களுக்கு எதிரான சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் போட்டார். 1870-இல் ஆதரவற்றோர் விடுதியில் இறந்தார்.

1867-ஐ நாடாளுமன்றம் தானாகக் கொடுத்தது என்கிறீர்கள். 1866 ஜூலையில் ஹைட் பார்க்கில் கூட்டம் நடத்த அரசு தடை விதித்தது, மக்கள் பூங்காவின் இரும்புக் கிராதிகளைச் சாய்த்து உள்ளே போனார்கள். மறு ஆண்டு மே 6 அன்று தடையை மீறி அதே இடத்தில் கூடினார்கள். அரசு கை வைக்கத் துணியவில்லை, உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதே மாதம்தான் நிதியமைச்சர் டிஸ்ரேலி பல லட்சம் புதிய வாக்காளர்களைச் சேர்க்கும் திருத்தத்துக்குச் சம்மதித்தார். இந்தக் கூட்டங்களை நடத்திய சீர்திருத்தக் கழகத்தில் பழைய சார்ட்டிஸ்டுகள் நிறையவே இருந்தார்கள்.

ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிறகு சட்டமாயின. சொத்துத் தகுதி 1858-இல் போனது. ரகசிய வாக்கெடுப்பு 1872-இல் வந்தது. முதலில் அந்த முறையில் ஓட்டுப் போட்ட ஊர் பான்டிஃபிராக்ட், அங்கே பெட்டிக்கு அரக்கு வைக்க உள்ளூர் அதிமதுர மிட்டாய் ஆலையின் முத்திரையைப் பயன்படுத்தினார்கள். உறுப்பினர் சம்பளம் 1911-இல் வந்தது. சமமான தொகுதிகளும் பின்னர் வந்தன. ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு 1918-இல், பெண்களுக்கு அதே வயதில் 1928-இல். ஆண்டுதோறும் தேர்தல் மட்டும் இன்றுவரை இல்லை.

1842 மனுவின் முழு வாசகமும் மெக்காலேயின் பேச்சும் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அந்த மே 2, 3 தேதிகளில் அடுத்தடுத்து இருக்கின்றன, இணையத்திலேயே கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து இரண்டையும் வாசித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்