வசனம் புரியவில்லை என்றால் 10,000 வாட்ஸ் உதவாது

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். ஹால் 11-க்கு 14 அடி. பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறது. பழைய டிவி போய்விட்டது. அம்மாவுக்கு டிவியில் வசனம் புரிவதில்லை. சத்தம் வைத்தால் பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கின்றன. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் 55 இன்ச் 4கே டிவியும் '10,000 வாட்ஸ் 5.1 ஹோம் தியேட்டரும்' சேர்த்து 45,000 என்கிறார்கள். வாங்கலாமா? ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் பழைய 5.1 ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் சும்மா கிடக்கின்றன. அவை பயன்படுமா?

பதில்: அந்த 45,000 ரூபாய் ஜோடியை வாங்காதீர்கள். அம்மாவின் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இன்றைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் அடியிலோ முதுகிலோ இருக்கிறது. சத்தம் சுவரிலும் டைல்ஸ் தரையிலும் மோதிய பிறகே காதுக்கு வருகிறது. 5.1 முறையில் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) ஒலி சேர்த்த படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வரும். டிவி அதை இசையோடும் வெடிச்சத்தத்தோடும் கலந்து தன் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் தள்ளுகிறது. தறிச் சத்தத்தில் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் முதலில் அமுங்கிப்போகும். ஆகவே உங்களுக்கு வேண்டியது கூடுதல் வாட்ஸ் அல்ல, உண்மையான சென்டர் ஸ்பீக்கர்.

'உண்மையான' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கடைகளில் 5.1 என்று விற்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் டால்பி ஒலியை (5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஸ்பீக்கர் வாரியாகப் பிரித்தெடுக்கும் டிகோடரே கிடையாது. யுஎஸ்பி, எஃப்எம், ப்ளூடூத், சிவப்பு-வெள்ளைப் பின், அவ்வளவுதான். டிவியிலிருந்து வரும் இரண்டு ஒலிச் சேனலையே (இடது, வலது) ஐந்து ஸ்பீக்கருக்கும் நகலெடுத்து அனுப்பும். முன்னால் பேசுகிறவன் குரல் முதுகுக்குப் பின்னாலும் கேட்கும். வசனம் முன்பைவிடக் குழம்பும். ப்ளூடூத்தில் இணைத்தாலும் இரண்டு சேனல்தான், அதோடு உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி விழும்.

10,000 வாட்ஸ் என்பது பிஎம்பிஓ கணக்கு. கண நேர உச்சத்தை ஊதிப் பெருக்கிய எண் அது. பெட்டியின் முதுகில் மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே 60 வாட்ஸ் என்று போட்டிருந்தால் 10,000 எங்கிருந்து வரும்? ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை பார்க்கும் ஊரில், இந்த ஸ்டிக்கரை ஏன் என்று கேட்க ஓர் அதிகாரி வருவதில்லை. வாங்குகிறவரே காவல் காக்க வேண்டியிருக்கிறது.

ஐந்து ரோடு பக்கம் பெரிய ஷோரூமானாலும் சந்துக் கடையானாலும் சோதனை ஒன்றுதான். ஓடிடியில் 5.1 என்று குறித்த ஒரு படத்தைப் போடச் சொல்லி, பின் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். வசனம் முன்பக்கத்தைப் போலவே அங்கும் தெளிவாகக் கேட்டால் அது போலி.

60,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: டிவிக்கு 30,000–33,000, ஒலிக்கு 16,000–20,000, மீதி வயருக்கும் ஸ்டாண்டுக்கும் சர்ஜ் புரொடெக்டருக்கும். அந்த ஒலிப் பணத்துக்குப் பெயருள்ள கம்பெனிகளின் 5.1 சவுண்ட்பார் கிடைக்கும். சென்டர் அதன் பட்டைக்குள்ளேயே இருக்கும். சப்வூஃபரும் இரண்டு பின் ஸ்பீக்கரும் தனி. எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி), டால்பி டிஜிட்டல், குரலைத் தூக்கிக் காட்டும் வாய்ஸ் மோடு, நைட் மோடு ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சண்டைச் சத்தத்தை அடக்குவது அந்த நைட் மோடுதான்.

டிவி 43 இன்ச் போதும். 11 அடி அகலத்தில் எதிரெதிரே வைத்தால் கண்ணுக்கும் திரைக்கும் எட்டரை அடிதான் வரும். அம்மா பார்ப்பது கேபிள் சீரியல் என்றால், எஸ்டி (சாதாரணத் தெளிவு) பாக்ஸ் தருவது 720-க்கு 576 புள்ளிகள். அதை 55 இன்ச்சுக்கு இழுத்தால் முகமெல்லாம் மங்கும். '4கே சப்போர்ட்' என்ற சொல்லுக்கு ஏமாறாதீர்கள். பேனல் 3840-க்கு 2160 என்று எழுத்தில் இருக்க வேண்டும். கூகுள் டிவி என்று திரையில் வர வேண்டும். பிளே ஸ்டோரில் உங்கள் கணக்கு திறக்க வேண்டும். வெறும் 'ஆண்ட்ராய்டு' என்று விற்கும் அசெம்பிள் செட்டுகளில் ஓடிடி ஆப்கள் தெளிவு குறைந்து ஓடும், இல்லாவிட்டால் ஒருநாள் நின்றே போகும். டிவியின் முதுகில் R- என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் அங்கேயே நின்று தட்டிப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் 18-தான் இருக்க வேண்டும். மாடலும் சீரியல் எண்ணும் அதில் ஏற வேண்டும். 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்கிறவர் உங்கள் வாரண்டியைத்தான் குறைக்கிறார். வட்டியில்லாத் தவணை என்று நிதி நிறுவன ஆள் வந்து உட்கார்ந்தால், முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். வித்தியாசம்தான் வட்டி, பிராசசிங் கட்டணம் வேறு. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியும் பலகைகள் இன்னும் தொங்குகின்றன. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

இணைக்கும்போது பலர் சறுக்கும் இடம் இது. எச்டிஎம்ஐ கேபிளை ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில்தான் செருக வேண்டும். மற்ற ஓட்டையில் செருகினால் டிவியின் ஒலி சவுண்ட்பாருக்குப் போகாது. டிவி மெனுவில் சிஇசி-யை (டிவியும் சவுண்ட்பாரும் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். டிஜிட்டல் ஆடியோ அவுட்டை ஆட்டோவில் வையுங்கள். பிசிஎம்மில் (சுருக்காத சாதாரண ஒலி) இருந்தால் இரண்டு சேனல்தான் போகும், வாங்கிய 5.1 வீண். பட்டையை ஷோகேஸ் குழிக்குள் தள்ளாமல் முன் விளிம்பில் வையுங்கள். பின் ஸ்பீக்கர்கள் சோபாவின் இரு பக்கமும், காதுக்கு ஓரடி மேலே. சப்வூஃபரை மூலையில் வைத்தால் குமுறும். தரையில் ஒரு ஜமக்காளம் விரித்து ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாலே எதிரொலி கணிசமாக அடங்கும். கேபிள் சீரியல் பெரும்பாலும் இரண்டு சேனல்தான். அதற்கு வாய்ஸ் மோடே துணை.

இனி ஏற்காட்டு ஆம்ப்ளிஃபயர். புது சவுண்ட்பார் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே சந்தர்ப்பம் இதுதான், அதனால் பொறுமையாகப் பாருங்கள். முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏஆர்சி இருந்தால் யோசிக்காமல் அதையே பயன்படுத்துங்கள். ஆப்டிகல் (ஒளிக் கேபிள் செருகும் ஓட்டை) மட்டும் இருந்தால் டால்பி டிஜிட்டல் 5.1 வரும், ஆனால் ஒரு முடிச்சு உண்டு: ஓடிடி படங்கள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் (அதன் புது வடிவம்) வருகின்றன, அது ஆப்டிகலில் போகாது. டிவிதான் அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். எல்லா டிவியும் மாற்றுவதில்லை. சில இரண்டு சேனலாக்கி அனுப்பிவிடும். ஆடியோ மெனுவில் 'டால்பி டிஜிட்டல்' என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 5.1 படம் ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் திரையைப் பாருங்கள்: டால்பி என்று வந்தால் வெற்றி, பிசிஎம் என்று வந்தால் மாற்றவில்லை. ஆறு ஆர்சிஏ ஓட்டைகள் (சிவப்பு-வெள்ளைப் பின் செருகும் வகை) மட்டும் இருந்தால் ஆப்டிகல் டிகோடர் பெட்டி ஒன்று நடுவில் தேவை. சிவப்பு-வெள்ளை மட்டும் என்றால் 5.1 கனவை விடுங்கள். அப்போதும் இரண்டு நல்ல பெரிய ஸ்பீக்கர் அந்தப் போலிப் பெட்டியைவிடத் தெளிவாகப் பேசும்.

மலை ஈரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்ததை வந்த வேகத்தில் பிளக்கில் செருகாதீர்கள். நாலைந்து நாள் காற்றோட்டமாக உலரட்டும். வால்யூம் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். பொடிந்து உதிர்ந்தால் அந்த ஸ்பீக்கர்களை ஏற்காட்டிலேயே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மட்டும் இறக்குங்கள். புது ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்ப்ளிஃபயர் முதுகில் போட்டிருக்கும் ஓம்ஸுக்கு (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) குறையாமல் வாங்குங்கள். வயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியாக இருக்கட்டும். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதென்றால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.