செம்பு, ஹைட்ரஜன், மெத்தனால்: வடசென்னை வாசகர் கேள்விகள்

இரும்பும் நிக்கலும் இருக்கும்போது மெத்தனால் தயாரிக்கச் செம்பு எதற்கு?
*வேதியியல் மாணவி, திருவொற்றியூர்*

மெத்தனால் ஒரு ஆல்கஹால். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் கலந்த வாயுவை ஒரு வினையூக்கியின் (தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருளின்) மேல் விட்டு அதைத் தயாரிக்கிறார்கள். இரும்பும் நிக்கலும் கார்பன் மோனாக்சைடைப் பிடித்ததும் கார்பனையும் ஆக்சிஜனையும் பிரித்துவிடும். அப்புறம் நிக்கலில் மீத்தேனும் இரும்பில் நீளமான ஹைட்ரோகார்பன்களும்தான் வரும். மெத்தனாலுக்கோ ஒரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு உடையாமல் மிஞ்ச வேண்டும். செம்பு அதை விட்டுவைக்கிறது.

1923-ல் ஜெர்மனியின் லாய்னாவில் மெத்தனால் தொழில் தொடங்கியபோது துத்தநாக-குரோமியம் ஆக்சைடுதான் வினையூக்கி. அதற்கு 300 டிகிரிக்கு மேல் சூடும் 250 பாருக்குக் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) குறையாத அழுத்தமும் வேண்டியிருந்தது. அன்று செம்பைப் பயன்படுத்த முடியாததற்குக் காரணம், வாயுவில் கந்தகம் துளி இருந்தாலும் அது செத்துவிடும். கந்தகத்தை நன்றாக நீக்கக் கற்ற பிறகுதான், 1966-ல், பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மூன்றையும் சேர்த்து 50 முதல் 100 பாரிலேயே ஆலையை ஓட்டியது. இன்றும் பெரும்பாலான ஆலைகளில் இதே கூட்டணிதான்.

மெத்தனாலில் இருக்கும் கார்பன் அணு, கார்பன் மோனாக்சைடிலிருந்து வருகிறதா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா?
*அதே மாணவி*

செம்பின் மேல் பெரும்பாலும் டை ஆக்சைடிலிருந்து. 1980-களில் கார்பன் ஐசோடோப்பை (எடை மட்டும் வேறான கார்பன் அணுவை) அடையாளமாக வைத்துத் தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது இது.

எங்கள் ஊர் புகைபோக்கிப் புகையை அப்படியே மெத்தனாலாக்க முடியாதா?
*இல்லத்தரசி, எண்ணூர்*

அப்படியே முடியாது அம்மா. நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 12 முதல் 15 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன், கூடவே சாம்பலும் கந்தக டை ஆக்சைடும். முதலில் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது செலவு பிடிக்கும், ஆனாலும் முடிகிற காரியம்.

பெரிய தடை ஹைட்ரஜன். ஒரு டன் மெத்தனாலுக்குக் குறைந்தது 1,375 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 188 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் ஆகும். மொத்தம் 9,400 யூனிட். அந்த மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வந்தால், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வீதம் 9 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஒன்றேகால் டன்னைச் சற்றுத் தாண்டிப் பிடிக்க ஒன்பது டன்னை விடுவது எந்தக் கணக்கில் சேரும்? காற்றாலை, சூரிய மின்சாரம் மிஞ்சும் இடத்தில்தான் இது அர்த்தப்படும். ஐஸ்லாந்தில் 2012-ல் தொடங்கிய ஆலைக்குப் புவிவெப்ப மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தது.

மெத்தனால் வரும்வரை காத்திருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கந்தகத்தையும் சாம்பலையும் பிடிக்கும் கருவிகள் இன்றே இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

புது கேட்டலிஸ்ட் கறுப்பாக இருக்கிறதே, செம்பு எங்கே? ஹைட்ரஜனை ஏன் அவ்வளவு மெதுவாக விடுகிறார்கள்?
*ஒப்பந்தத் தொழிலாளி, மணலி*

அந்தக் கறுப்பு கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மாத்திரையில் இருப்பது செம்பு ஆக்சைடு. ஹைட்ரஜன் பட்டதும் ஆக்சிஜன் நீராகப் போய், செந்நிறச் செம்பு பொடித்துகளாக நிற்கும். அப்போது நிறைய சூடு கிளம்பும். அதனால் நைட்ரஜனில் ஒரு சதவீத அளவுக்கு ஹைட்ரஜன் கலந்து ஆரம்பிப்பார்கள். அவசரப்பட்டு 300 டிகிரியைத் தாண்டவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும், வினை நடக்கும் பரப்பு போய்விடும், அதை மீட்கவும் முடியாது. துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் துகள்களை விலக்கிவைப்பதும் இதற்காகத்தான்.

பழைய கேட்டலிஸ்டை இறக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். காற்றுப் பட்டால் தானே கனன்றுவிடும் என்பதால் கலனில் நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். அதில் மூச்சு இரண்டு இழுப்பிலேயே நினைவு போகலாம். காற்றுக் குழாய் முகமூடி தராமல் உள்ளே இறங்கச் சொன்னால் யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

மெத்தனால் கையில் பட்டால் ஆபத்தா?
*லாரி கிளீனர், மாதவரம்*

தோல் வழியாகவும் ஏறும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பகலில் அதன் தீ கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாசனை சாராயம் போலத்தான் இருக்கும், ஆனால் குடித்தால் பார்வை போகும், உயிரும் போகும். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது இதே மெத்தனால்தான். அறிகுறி தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். யாராவது குடித்தது தெரிந்தால், நன்றாக இருக்கிறார் என்று வீட்டில் படுக்கவைக்காமல் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடித்தது மெத்தனால் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு.