பாட்டுக்கு முகம் கொடுக்கும் வேலை: கும்பகோணத்து அம்மாவுக்கு ஒரு பதில்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி, முன்பணமாக 25,000 ரூபாயும் கட்டியாயிற்று. விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 14 லட்சம். "பொண்ணு எந்நேரமும் படம் வரையிறா. நாகஸ்வர செட்டுக்கு, ஸ்கூல் பசங்க பேண்டுக்குன்னு போஸ்டர் போட்டுக் கொடுத்துக்கிட்டே இருக்கா. காலேஜ் போனா சரியாயிடுமா?" என்று கேட்கிறார்.

சரியாகாது, அம்மா. சரியாக்க வேண்டியது எதுவும் உங்கள் மகளிடம் இல்லை. உங்கள் பயம் நியாயமானது. பெண் பிள்ளை, சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அந்தப் பயத்தை வைத்து உங்கள் கொழுந்தனார் முடிவெடுக்கிறார் என்பதுதான் கடிதத்தில் தெரிகிறது. "சி.எஸ்.இ. போட்டா ஐ.டி. கம்பெனி வாசல்ல வந்து கூட்டிட்டுப் போகும்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 14 லட்சத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று கேட்டீர்களா?

கணக்கைப் போட்டுவிடுவோம். 14 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 18,900 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் இல்லை. 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். அதற்குத்தான் வீட்டுப் பத்திரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோடிங் எழுதப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைக்காக அந்தப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

கலந்தாய்வு, பி.காம்., சி.ஏ. பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் மகள் இப்போதே செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை விரிவாகச் சொல்கிறேன்.

இசைக் கலைஞர் ஒருவர் மக்கள் கண்ணில் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானித்து, அதைப் படமாக, எழுத்தாக, அசைவாகச் செய்து கொடுப்பது அந்த வேலை. எம்.எஸ். சுப்புலட்சுமி என்றதும் ஒரு நீலப் பட்டு நினைவுக்கு வருகிறதல்லவா? காஞ்சிபுரத்து முத்து செட்டியார் நெய்து கொடுத்த அந்த நிறத்துக்கு இன்றும் எம்.எஸ். ப்ளூ என்றுதான் பெயர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முறை மேடையேறியபோது, கானா பாடியவர்கள் உட்பட எல்லாரும் ஒரே மாதிரி சூட்டில் நின்றார்கள். பாட்டு தொடங்குமுன்பே பாதி விஷயம் சொல்லியாயிற்று. 1940 வாக்கில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் படம் வரைந்த உறைகளைப் போடும்வரை, இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்று அட்டையில்தான் விற்றன. அன்று ஓர் உறை போதும். இன்று ஒரே ஒரு பாட்டை வெளியிட ஒரு கலைஞருக்கு அட்டைப் படம், அதன் செங்குத்து அசைபடம், பாடல்வரி வீடியோ, யூடியூப் முகப்புப் படம், பத்திரிகைகளுக்கான புகைப்படம், மேடைத் திரைக்கான காட்சி என்று அத்தனையும் வேண்டும். பெரிய படக் கம்பெனிகளுக்கு இதற்கு ஆள் உண்டு. சுயாதீனப் பாடகர்கள், கர்நாடக இசைக்காரர்கள், நாட்டுப்புறக் குழுக்கள் இதற்கு நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அட்டைப் படம் 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல், சதுரம், திரைக்கான ஆர்.ஜி.பி. நிறமுறை. இதை யாரும் செய்துவிடலாம். ஆனால் கேட்பவர் அதைப் பார்ப்பது ஃபோனில் கட்டைவிரல் நகத்தளவில். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துத் தலைப்புக்குப் போட்ட வடிவத்தில் நம் தலைப்பைத் திணித்தால் சிறிய அளவில் கறுப்புக் கோடாகத்தான் தெரியும். அதனால் முதலில் 64 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்து, அதில் படிக்க முடிந்த பிறகே பெரிதாக வேலையைத் தொடர வேண்டும். படத்தில் இருக்கும் தலைப்பும் பதிவில் கொடுக்கும் தலைப்பும் ஓர் எழுத்து மாறினாலும், இணைய முகவரியோ இன்ஸ்டாகிராம் குறியோ விலையோ படத்தில் இருந்தாலும், பாட்டை இணையத் தளங்களில் ஏற்றிக் கொடுக்கும் விநியோகஸ்தர் திருப்பி அனுப்பிவிடுவார். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு இப்படித் திரும்பி வந்தால் அறிவித்த தேதி போய்விடும். ஸ்பாட்டிஃபையில் பாட்டோடு ஓடும் அசைபடம் 3 முதல் 8 வினாடி, 9:16 செங்குத்து. அதன் அடிப்பகுதியைப் பாட்டின் பெயரும் பொத்தான்களும் மறைத்துக்கொள்ளும், எனவே முக்கியமான எதையும் அங்கே வைக்கக் கூடாது.

தமிழ் எழுத்துதான் இந்தத் தொழிலின் பெரிய கண்ணி. ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தட்டச்சு செய்தால், 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். சரியாக வந்த பிறகும், வரி வீடியோவில் எழுத்து எழுத்தாக அசைவு கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். சொல் சொல்லாக அசைக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்தை வடிவமாக மாற்றிக் கையால் பிரிக்க வேண்டும். தமிழ் தெரியாத ஊர்களில் இருந்து வேலை வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்கள் மகளுக்கு இருக்கும் இயல்பான அனுகூலமும் இதுதான். எழுத்துரு விஷயத்தில் திருட்டுப் பிரதி வேண்டாம்: முக்த மலர், கேட்டமரான், பாலூ தம்பி, மீரா இனிமை, கவிவாணர், பவனம் எல்லாம் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இருக்கின்றன. திறந்த உரிமம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

அவள் ஏற்கெனவே போஸ்டர் போடும் நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். நீள வகையான பாரி நாகஸ்வரம் ஏறத்தாழ மூன்றடி நீளம். நேராகப் பிடிக்கச் சொல்லி முழுக் கருவியும் சதுரத்துக்குள் வருமாறு எடுத்தால் வித்வானின் முகம் சுண்டைக்காய் அளவுக்குப் போய்விடும். பக்கத்தில் நின்று ஃபோனின் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் அணசு, அதாவது கருவியின் விரிந்த அடிவாய், பூதாகாரமாகவும் முகம் சிறிதாகவும் விழும். கொஞ்சம் தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில், கருவி குறுக்காக மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு இறங்கும்படி வைத்து, அணசின் நுனி படத்தின் எல்லைக்கு வெளியே போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். துல்லியம் விழ வேண்டிய இடம் கண்ணும், வாயில் வைத்து ஊதும் சீவாளியும். அடர்ந்த நிறப் பட்டு உடுத்தியவரைக் கறுப்புத் திரைக்கு முன் எடுத்தால் தோள் எங்கே முடிகிறது என்று தெரியாது. பின்னாலிருந்து ஒரு சிறு விளக்கு போதும். ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு எடுத்த கிடைமட்டப் படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும், சபா அழைப்பிதழில் அங்கேதான் தேதியும் இடமும் வரும். அச்சுக்குப் போவது அங்குலத்துக்கு 300 புள்ளி (டி.பி.ஐ.), அச்சு நிறமுறையான சி.எம்.ஒய்.கே., தாளை வெட்டும்போது போவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுமிச்சம்.

மேடைக் காட்சிகளில் பணமும் அதிகம், பிழையும் அதிகம். வாடகைக்கு வரும் எல்.இ.டி. பலகைகளில் பரவலானது பி 3.9, அதாவது புள்ளிக்குப் புள்ளி 3.9 மி.மீ. இடைவெளி, அரை மீட்டர் சதுரப் பலகை ஒன்றில் 128-க்கு 128 பிக்சல். ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரத் திரை என்றால் 72 பலகை, மொத்தம் 1536-க்கு 768. பழக்கத்தில் 1920-க்கு 1080 என்று செய்து அனுப்பினால் திரைக்கு ஏற்ப இழுத்துவிடுவார்கள், பாடகர் முகம் அகன்று போகும். கீழ்ப்பாதியை மேடையில் நிற்பவர்கள் மறைப்பார்கள், எனவே வரிகளை மேல்பாதியில்தான் வைக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி போட்டால் கேமரா திரையின் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு பாடுபவரைக் கறுப்பு நிழலாக்கிவிடும். மேடைக் காட்சிகளை ஓட்டும் ரெசோல்யூம் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அதற்கே உரிய டி.எக்ஸ்.வி. வடிவில் மாற்றிக் கொடுத்தால் படம் திக்காமல் ஓடும். கச்சேரிக்கு முன்பே திரையின் பிக்சல் அளவை வாடகைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்காதவர், அன்று மாலை ஐந்து மணிக்கு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி செய்வார்.

இதைப் படிக்க எங்கே போவது? சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. நான்காண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் பட்டம், அதில் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு ஒரு துறை. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு படித்தவரும் வரலாம். ஓவியத் திறன் தேர்வு உண்டு. உங்கள் ஊரிலேயே, கும்பகோணத்திலேயே, அரசு கவின் கலைக் கல்லூரி இருப்பது உங்கள் கொழுந்தனாருக்குத் தெரியுமா? அரசுக் கட்டணம் என்பதால் நான்கு ஆண்டுக் கட்டணம் நீங்கள் அந்தத் தனியார் கல்லூரியில் கட்டப்போகும் ஒரு செமஸ்டர் பணத்தைத் தொடாது. நேரில் போய் இந்த ஆண்டின் விவரக்குறிப்பைக் கேளுங்கள். எந்தத் துறையில் எத்தனை இடம், தேர்வு எப்போது என்று பார்த்துவிடலாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.), ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வு எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றின் விண்ணப்பங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும், கட்டணமும் லட்சங்களில். இந்த ஆண்டு அந்தப் பேச்சு வேண்டாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொறியியல் வேண்டாம் என்று கேள்விப்பட்டதும் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று அனிமேஷன் டிப்ளமோ விற்பவர்கள் வருவார்கள். மூன்று நான்கு லட்சம் கேட்பார்கள். அதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வரைய கிரிட்டா, எழுத்துக்கும் கோட்டு வடிவத்துக்கும் இங்க்ஸ்கேப், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆகிய மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. 16 ஜி.பி. ரேம் உள்ள கணினியும் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ஆரம்பநிலைப் பேனா பலகையும் முதல் இரண்டு ஆண்டுக்குப் போதும்.

அவளுடைய ஆர்வம் நிஜமா என்று உங்களுக்குச் சந்தேகம் இருப்பது தவறில்லை. வாதம் செய்யாமல் வேலை கொடுத்துப் பாருங்கள். தெரிந்த குழு ஒன்றின் நான்கு நிமிடப் பாட்டுக்கு முழு வரி வீடியோ செய்யச் சொல்லுங்கள். வினாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) என்றால் 5,760 சட்டம். பழகாத கைக்கு 50, 60 மணி நேரம் ஆகும். குரல் வருவதற்கு இரண்டு மூன்று சட்டம் முன்பே சொல் திரையில் வர வேண்டும், தாமதமானால் பாட்டே இழுப்பது போல் தோன்றும். சரணம் வரும்போது அலுப்புத் தட்டி, முதல் நிமிடத்தின் அசைவையே வெட்டி ஒட்டினாளானால் யோசிக்கலாம். ஒத்திசைவு சரியில்லை என்று ராத்திரி திரும்பத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளானால், அவளை வேறெங்கும் அனுப்பாதீர்கள்.

வருமானம் சீராக வராது, அதை மறைக்க மாட்டேன். மார்கழிக்கு முன்பும் திருவிழாக் காலத்திலும் வேலை குவியும், மற்ற மாதங்களில் கை சும்மா இருக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே சில பழக்கங்கள் வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று இலவசமாகச் செய்வது இன்றோடு நிற்கட்டும். பாதித் தொகை முன்பணம், இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அடுக்குகள் தனித்தனியாக உள்ள, திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கேட்டால் அதற்குத் தனி விலை.

இனி அந்த 25,000 ரூபாய். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. ஃபோனில் பேசாதீர்கள், விலகல் கடிதத்தை எழுதி, கட்டணச் சீட்டின் நகலை இணைத்து, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் இந்த வாரமே அனுப்புங்கள். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் கவின் கலைக் கல்லூரியில் சேர முடியும்.