காரின் டிக்கியில் வலை மாட்டுவது அவசியமா? துளை போடாமல் நாமே மாட்டிக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் சேலத்துக்காரர். மாதம் இரண்டு முறை ஏற்காடு போய் வருகிறாராம். டிக்கியில் வைக்கும் சாமான்கள் வளைவுக்கு வளைவு உருள்கின்றனவாம். வலை மாட்டித் தருகிற கடைக்காரர் நான்கு இடங்களில் துளை போட்டால்தான் முடியும் என்கிறாராம். போடலாமா என்று கேட்கிறார்.

போடாதீர்கள். நான் போட்டு அனுபவித்தவன்.

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெண் கொடுத்த வீடு மலைமேல் இருக்கிறது என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். படகுத்துறையையும் லேடீஸ் சீட் காட்சிமுனையையும் பார்க்க யாரும் மாதம் இரண்டு முறை மலை ஏறுவதில்லை. என் நிலைமையும் அதுதான். மனைவியின் ஊர் நாகலூர்ப் பக்கம். கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, வீட்டைச் சுற்றி நான்கு பலாமரங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் மலைமேல் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டார் என்பார்கள். நட்டது அவர். கீழே சுமந்து வருவது நான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செவ்வாய்பேட்டைப் பக்கம் 22 வருடமாகக் கயிற்றுக்கடை வைத்திருக்கிறேன். தேங்காய்நார், நைலான், போர்வெல் மோட்டார் இறக்கும் கயிறு, வாலிபால் வலை எல்லாம் விற்கிறேன். இது விளம்பரம் இல்லை; கடையின் பெயரைச் சொல்லவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் கதையில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தின் அளவு அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

2019 ஜூன் மாதம். பலா நன்றாகக் காய்த்திருந்த வருடம். கிளம்பும் நேரத்தில் மாமியார் டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஒரு பை மிளகு, இரண்டு பாட்டில் மலைத்தேன், ஒரு சம்புடம் நெய், அவற்றுக்கு நடுவில் ராஜா மாதிரி 12 கிலோவுக்குக் குறையாத ஒரு பலாப்பழம். "அத்தை, இது உருளுமே" என்றேன். "சாக்கை மடித்து அண்டை கொடுத்திருக்கிறேன், எங்கே போய்விடும்?" என்றார். மாமனாருக்குச் சேலத்தில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே பின்னால் "தொம்" என்றது. பழம் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வளைவில் வலப்பக்கம் ஒரு "தொம்". பிறகு அது தாளம் தவறவில்லை. நான் வளைவுப் பலகையைப் பார்க்கவே தேவையில்லை, பழமே எண்ணிக்கை சொன்னது. எட்டாவதோ ஒன்பதாவதோ "தொம்"முக்குப் பிறகு கண்ணாடி உடையும் சத்தம். கார் முழுக்கத் தேன் வாசனை. மாமனார் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "மாப்பிள்ளை, நீங்கள் கயிற்றுக்கடைதானே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல என்ன இருக்கிறது? ஊருக்கெல்லாம் கயிறு விற்கிறவன் காரில் ஒரு முழக் கயிறு இல்லை.

கதை அதோடு முடியவில்லை. எங்கள் வீட்டு வாசல் சரிவு. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. டிக்கிக் கதவைத் திறந்தேன். கதவில் சாய்ந்திருந்த பழம் நேராக என் இடது கால் கட்டைவிரலில் இறங்கியது. நகம் கறுத்து, விழுந்து, ஒழுங்காக முளைத்து வர ஒரு வருடம் ஆயிற்று.

"மெதுவாக ஓட்டியிருந்தால் உருண்டிருக்காது" என்று எழுதத் துடிப்பவர்களுக்கு: நான் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகம் என்றால், பொருளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். 12 கிலோ பழத்தை யாரோ நான்கு கிலோ பலத்தோடு தள்ளுகிற மாதிரி. தரை விரிப்பின் பிடிமானத்தில் ஒரு பெட்டி நின்றுவிடலாம், உருண்டையான பழம் நிற்காது. இந்தக் கணக்கு பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் போட்டுக் கொடுத்தது. தவறு இருந்தால் அவனிடம் சண்டைக்குப் போங்கள்.

மானப் பிரச்சினை ஆகிவிட்டதால் மறுநாளே கடையில் உட்கார்ந்து நைலான் கயிற்றில் நானே ஒரு வலை பின்னினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. வேலைக்கு ஆகவில்லை. நைலான் இழுத்தால் நீளும் கயிறு. மாடு கட்டவும் வண்டி இழுக்கவும் அந்தக் குணம் நல்லது. சாமானை அமுக்கிப் பிடிக்க அது உதவாது. ஈரம் பட்டால் இன்னும் கொஞ்சம் தளரும், பலமும் குறையும். போதாததற்கு, முடிச்சு விழுகிற இடத்தில் கயிறு தன் பலத்தில் பாதி வரைகூட இழந்துவிடும். இதையெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு 22 வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்! வலைக்கண்ணை நான்கு அங்குலம் வைத்தது அதைவிடப் பெரிய மடத்தனம். பழம் நின்றது, தேன் பாட்டில் கண் வழியே வெளியே வந்துவிட்டது. உங்கள் சாமான்களில் எது மிகச் சிறியதோ, வலைக்கண் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

அடுத்து எலாஸ்டிக் வலை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பசை தடவிய பிளாஸ்டிக் கொக்கிகள் நான்கு கூடவே வந்தன. சேலத்து ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று நாள். அந்த நான்கில் ஒரு கொக்கி இன்னும் எங்கள் குளியலறையில் துண்டு மாட்டப் பயன்படுகிறது. அங்கே நன்றாகவே நிற்கிறது.

அப்புறம்தான் உங்களிடம் சொன்னது போலவே என்னிடமும் ஒரு அலங்காரக் கடையில் "துளை போட்டுவிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார்கள். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் நான்கு துளை, நான்கு ஸ்குரு, நான்கு கொக்கி. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து டிக்கி விரிப்பு ஈரமாக இருக்க ஆரம்பித்தது. மாமியார் கொடுத்தனுப்பிய மோர்த் தூக்குதான் ஒழுகுகிறது என்று முடிவு செய்து, அவரிடமே சொல்லியும் விட்டேன். அவர் தூக்கில் தண்ணீர் நிரப்பி என் கண் முன்னாலேயே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

விஷயம் இதுதான். பின் கண்ணாடியைக் கழுவ முன்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் தண்ணீர் கொண்டுவருகிறது. என் காரில் அது வலப்பக்கப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஓடுகிறது. ஸ்குருவில் ஒன்று அதைத் துளைத்துவிட்டது. நான் கண்ணாடி கழுவும் போதெல்லாம் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கியிருக்கிறது. நல்ல வேளை, குழாயோடு போயிற்று. பின்விளக்கின் ஒயர்களும் அந்தப் பக்கம்தான் போகின்றன. பெட்ரோல் ஊற்றும் குழாயும் பல கார்களில் ஏதாவது ஒரு பக்கப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால்தான் இறங்குகிறது. மறைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் டிரில்லிங் மெஷினை வைப்பது, சுவருக்குள் ஒயர் போகிற இடம் தெரியாமல் ஆணி அடிப்பது போல.

கோரிமேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும். குழாயை மாற்றிவிட்டு, டிக்கியின் தரை ஓரத்தில் இருந்த சிறு வட்டப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளே இரும்பில் போல்ட் முறுக்க மரை வெட்டிய துளை. அப்படி நான்கு. கம்பெனிக்காரன் எல்லா ரகத்துக்கும் ஒரே உடம்பைத்தான் செய்கிறான். விலை கூடிய ரகத்தில் அந்த இடத்தில் இரும்பு வளையம் வைத்துக் கொடுக்கிறான், என்னைப் போல நடு ரகம் வாங்கியவனுக்கு மூடி போட்டு விட்டுவிடுகிறான். நான்கு வளையமும் போல்ட்டும் உதிரிப் பொருள் கவுன்டரில் 200 ரூபாய்க்குள் கிடைத்தன. பத்து நிமிட வேலை. எல்லாக் கார்களிலும் இப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் டிரில்லிங் மெஷினுக்கு முன்னால் நகத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். இல்லாவிட்டாலும் சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் வளையம் மாட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது உயிரைப் பிடிக்கிற போல்ட்.

இந்த இடத்தில் என் சகலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவருடையது பெரிய கார், உயர்ந்த ரகம். நான்கு வளையமும் கம்பெனியிலேயே வந்தவை, வலைகூட உறை பிரிக்காமல் இருக்கிறது. ஆறு வருடத்தில் அந்த டிக்கியில் மலையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்து இறங்கியதில்லை. ஏசி காருக்குள் பலாப்பழ வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருவார், ஒரு கிலோ ஸ்வீட் பெட்டியை நீட்டுவார், "பெரிய மாப்பிள்ளை எப்போது வந்தாலும் வெறுங்கையோடு வர மாட்டார்" என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். காபிக்கொட்டை மூட்டையிலிருந்து பழைய கிரைண்டர் கல் வரை இறக்கியது நான். எனக்குக் கிடைத்த பெயர், மோர்த் தூக்கு மேல் பழி போட்டவன் என்பதுதான். சிறிய கார் வாங்குகிறவன் குடும்பத்துக்கே லாரி வாங்கிக் கொடுக்கிறான். சரி, விடுங்கள். அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார், படிக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரையோடு படுத்து அமுக்கும் எலாஸ்டிக் வலையை வாங்குங்கள். சீட்டுக்குப் பின்னால் பை மாதிரி நிமிர்ந்து தொங்கும் வலையும் கடையில் இருக்கும், அது காய்கறிப் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் சரி, கனமான எதற்கும் உதவாது. வளையத்துக்கு வளையம் அளந்துகொண்டு, அதைவிடக் கால் பங்கு சிறிய வலையாகப் பாருங்கள். தளர்ந்து கிடக்கிற வலை வெறும் அலங்காரம். கொக்கி உலோகமாக, மேலே பிளாஸ்டிக் பூசியதாக இருக்கட்டும். மாட்டும்போது முகத்தை நேராக வைக்காதீர்கள். இழுபட்ட எலாஸ்டிக் கையை விட்டு நழுவினால் கொக்கி கண்ணுக்குத்தான் வரும். எங்கள் கடைப் பையன் ஒருவன் இமைக்கு மேல் மூன்று தையலோடு தப்பினான். ஊரின் வெயிலுக்கு எலாஸ்டிக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், பிறகு மாற்ற வேண்டும்.

விபத்தில் வலை காப்பாற்றும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நின்றால், பின்னால் இருக்கிற கிரைண்டர் கல் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் வரப் பார்க்கும். கனமானதைத் தரையில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள். சீட்டை நிமிர்த்திப் பூட்டியிருக்க வேண்டும். சீட்டின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள்.

ஒரு சிக்கல் உண்டு, அதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. ஸ்டெப்னி டிக்கித் தரைக்குக் கீழேதான் படுத்திருக்கிறது. போன டிசம்பரில் மழைத் தூறலில், இறங்கும் வழியில் பஞ்சர். வலையைக் கழற்றி, இரண்டு மூட்டைக் காபியையும் ஒரு வாழைத்தாரையும் சாலையோரம் இறக்கி வைத்த பிறகுதான் ஸ்டெப்னியைத் தொட முடிந்தது. நான் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தபோது குரங்குகள் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டன. அதனால் ஜாக்கியையும் ஸ்பேனரையும் இப்போது முன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மலையேறும் முன் அடிவாரத்தில் நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்துவிடுகிறேன், ஸ்டெப்னியையும் சேர்த்து.