அரிசி டிரம்முக்கு எதற்குப் பூட்டு?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவதில் 431 மார்க் வாங்கியவள், காலாண்டில் இரண்டு பாடத்தில் ஃபெயில். வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டிலும் எந்நேரமும் படுக்கைதான். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறாள். காதல் விவகாரமாக இருக்கும் என்று மாமியார் சொன்னதால் போனை வாங்கி வைத்துவிட்டேன். அப்படியும் மாறவில்லை. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறாள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். படிப்பு ஏறாதவளை எதற்கு அனுப்புகிறாய், நல்ல இடம் இருக்கிறது, பேசி முடித்துவிடலாம் என்கிறார் நாத்தனார். போதாததற்குப் பச்சரிசி தின்கிற கெட்ட பழக்கம் வேறு. கல்யாணத்தன்று மழை கொட்டும்டி என்று சொல்லியும் கேட்காததால் அரிசி டிரம்முக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். நாலாவது படிக்கும் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகப் படிக்கிறான். இவளைத் திருத்த என்ன வழி? கவுன்சலிங் அழைத்துப் போகவா, படிப்பை நிறுத்திவிடவா?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். அதில் ஒரு பக்கம் முழுக்கக் காதலும் போனும், இன்னொரு பக்கம் முழுக்க நாத்தனாரும் மாப்பிள்ளையும். அரிசி டிரம் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில். நான் அந்த வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பூட்டு என்ன விலை? எழுபது ரூபாய் இருக்குமா? அந்தக் காசுக்குப் பத்து முட்டை வந்திருக்குமே!

சோறு பொங்குகிற வீட்டில் வயசுக்கு வந்த பெண் யாரும் பார்க்காதபோது வேகாத அரிசியை அள்ளி மெல்லுகிறாள். ஏன் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. பூட்டு வாங்கத் தோன்றியிருக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரு வேட்கை வரும். ஒருத்தி பச்சரிசி தின்பாள், ஒருத்தி சாம்பல், ஒருத்தி சுவரைச் சுரண்டுவாள், ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் வீட்டில் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருப்பாள். டாக்டர்கள் இதற்குப் பைகா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானே பள்ளிக்கூடத்தில் பல்பம் தின்றவள். என் அம்மா பல்பத்தில் வேப்பெண்ணெய் தடவி வைத்தாள். நான் துடைத்துவிட்டுத் தின்றேன். அதனால் பூட்டின் மேல் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

'அரிசி தின்னா சோகை பிடிக்கும்' என்று நம் பாட்டிகள் மிரட்டுவார்கள், கேட்டிருப்பீர்கள். அரிசி தின்கிற பெண் வெளுத்துப்போய் இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் அது. ஆனால் அரிசி தின்று சோகை வந்தது என்று எண்ணிக்கொண்டார்கள். சோகை முதலில் வந்து, அரிசி ஆசை அதன் பின்னால் வந்திருக்கும். அவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். கல்யாணத்து மழையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர், மகளின் கீழ் இமையை ஒருமுறை இழுத்துப் பார்த்தீர்களா? உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஐயத்துக்கு அது போதும். சிவப்பாகத் தெரிந்தாலும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். தூங்கி வழிகிறாள், எந்நேரமும் படுக்கை, எரிந்து விழுகிறாள், பாடம் ஏறவில்லை. உடம்பு முழுக்கப் பிராணவாயுவைக் கொண்டுபோவது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். இரும்பு இல்லாமல் அது உருவாகாது. அது குறைந்தால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், புத்தகத்தைப் பத்து நிமிடம் பார்க்க முடியாது. நீங்கள் இதைத் திமிர் என்கிறீர்கள், உங்கள் மாமியார் காதல் என்கிறார். காதலிக்கிற பெண் கண்ணாடி முன்னால் நிற்பாள் அம்மா, அரிசி டிரம் முன்னால் போய் நிற்க மாட்டாள்.

அப்புறம், அந்தத் தம்பி. 'நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகப் படிக்கிறான்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் சாப்பிட மாட்டான்? அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிவிட்டது. மதியம் முட்டையோடு சத்துணவு. வீட்டுக்கு வந்தால் நீங்கள். உங்கள் பெண்ணுக்கும் பத்தாவது வரை மதியச் சாப்பாடு பள்ளியில் இருந்தது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதே பள்ளிதான், அதே மணிதான், ஆனால் பிளஸ் ஒன்னில் காலெடுத்து வைத்தால் தட்டு கிடையாது. (இதை யார் எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். பசி 15 வயதோடு நின்றுவிடுமா?) 431 மார்க் வாங்கிய பெண் எந்த ஜூனிலிருந்து சறுக்கினாள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பள்ளி நிறுத்திய அந்தச் சாப்பாட்டை வீட்டில் யார் ஈடுகட்டினீர்கள்? காலையில் டீ. மதியத்துக்கு டப்பா கட்டிக் கொடுத்ததாக மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. ராத்திரி அப்பா, பாட்டி, தம்பி எல்லோரும் சாப்பிட்டபின் அடிச் சட்டியில் இருப்பது உங்களுக்கும் அவளுக்கும். சரிதானே? நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் மறுத்து எழுதுங்கள்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம். மாதாமாதம் ரத்தம் போகிற உடம்பு என்பது ஒரு காரணம். அப்படிப் போகிற உடம்புக்குத்தானே கூடுதலாகப் போட வேண்டும்? நாம் தலைகீழாகச் செய்கிறோம். 'அவன் வளர்ற பையன்' என்று முட்டையை அவன் தட்டில் வைக்கிறோம்.

குடும்பம் என்றால் எனக்குப் பழைய மதிப்புதான். பெண் பிள்ளை வீட்டு வேலை தொடக் கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். பெருக்கட்டும், பாத்திரம் தேய்க்கட்டும், பையனும் கூட நின்று தேய்க்கட்டும். ஆனால் உழைக்கிற கைக்குச் சோறு போடாமல் வேலை மட்டும் வாங்குவது குடும்ப முறை ஆகாது. உங்கள் கணவரும் கடிதத்தில் பணம் அனுப்புகிறவராக மட்டும்தான் வருகிறார். அடுத்த முறை லாரியை நிறுத்தியதும் அவரையே மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அப்பன் கூட வந்தான் என்பது அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் நினைவிருக்கும். அதற்காக அவர் வரும்வரை காத்திருக்காதீர்கள். வண்டி வர இருபது நாள் ஆகும் என்றால் நாளைக்கே நீங்கள் போங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் ஒரு குத்து, ஹீமோகுளோபின் பார்த்துவிடுவார்கள். செலவு இல்லை. 12 கிராம் இருக்க வேண்டும். 8க்குக் கீழே என்றால் கடுமையான சோகை, அவர்கள் அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள். அரிசி தின்பதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள். மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்றும் கேட்பார்கள். உங்களுக்குப் பதில் தெரியுமா? தெரியாது என்றால் போகிற வழியில் பஸ்ஸில் கேட்டுக்கொள்ளுங்கள், அம்மாவிடம் பேச அவளுக்கும் ஒரு சந்தர்ப்பம். ரத்தப் போக்கு அதிகமாக இருந்தால் அதற்குத் தனி வைத்தியம். வயிற்றில் பூச்சி இருந்தாலும் ரத்தத்தைக் குடித்துவிடும், அதற்கு ஒரு மாத்திரை தருவார்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்து, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், நான் சொன்னது தப்பு என்று எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். கவுன்சலிங் பேச்சு அதற்குப் பிறகு.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்களே, அதை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்றும் விசாரியுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். டீயோடு ஓடுகிற பெண் மாத்திரையை எறியாமல் என்ன செய்வாள்? டாக்டர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் உங்கள் கண் முன்னால் போடட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பதினைந்து நாளில் தெம்பு வந்ததும் 'சரியாப் போச்சு' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். மாதக்கணக்கில் சாப்பிட்டால்தான் இருப்பு சேரும். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ரத்தம் ஊறிவிடாது, மாதுளையும் அப்படித்தான். சாப்பிடலாம், அதை மருந்தாக எண்ண வேண்டாம். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேளுங்கள், ஈரல் கேளுங்கள். கேட்டதை வாங்கி வந்து அவள் தட்டில் வையுங்கள். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, அதோடு ஒரு எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் கடித்தோ சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ அதைச் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயைத் தள்ளி வையுங்கள். காலையில் இரண்டு இட்லியாவது வயிற்றில் விழாமல் அவள் வாசல் தாண்டக் கூடாது.

நாத்தனார் விஷயத்துக்கு நாலு வரிக்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பேசி முடித்தவரையும் சட்டம் விடாது. ரத்தமில்லாத உடம்போடு ஒரு பெண் பிரசவ அறைக்குப் போனால் என்ன ஆகும் என்று, ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களே, அங்கே நர்ஸம்மாவிடம் நாத்தனாரையே கேட்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்பதும் அவர் காதில் விழட்டும்.

போனைத் திருப்பிக் கொடுங்கள். பூட்டைக் கழற்றிவிடுங்கள். பச்சரிசி நல்லது என்று சொல்லவில்லை. உடம்பில் இரும்பு ஏறினால் அந்த ஆசை பெரும்பாலும் தானாக விட்டுப்போகும். அதுவரை கண்ணில் பட்டால் திட்டாமல் ஒரு பிடி வேர்க்கடலையைக் கையில் கொடுங்கள். விரலில் குத்தும்போது நீங்களும் கையை நீட்டுங்கள். அடிச் சட்டியில் சாப்பிட்டவர்கள் இரண்டு பேர்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அரையாண்டு மார்க் எனக்கு வேண்டாம். அவளுக்கு எத்தனை கிராம், உங்களுக்கு எத்தனை கிராம், பூட்டு இப்போது எங்கே கிடக்கிறது, அது போதும்.