ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் கடன் இடர்த் துறையில் நுழையலாமா?

கேள்வி: நான் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள், வயது 34. குழந்தைகளுக்காக ஆறு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். வங்கிகளில் கடன் இடரைக் கணிக்கும் மாடல்களை உருவாக்கும் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். அது ஆண்களின் துறை, இத்தனை இடைவெளிக்குப் பிறகு நுழைய முடியாது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இத்துறையில் ஆண்கள் மிகுதி என்பது உண்மை, அவர்களுக்கே உரியது என்பது உண்மையன்று. ஐந்து பிள்ளைகளின் தாயான பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிக்கோல் எல் கரூயி, நாற்பது வயதைக் கடந்த பிறகே நிதித் துறைப் பக்கம் திரும்பினார். எலியெத் ஜெமான் என்ற மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து 1990இல் அவர் பாரிஸில் தொடங்கிய நிதிக் கணிதப் படிப்பில் தேறியவர்களைப் பெரிய வங்கிகள் தேடிச் சென்று பணிக்கு எடுத்தன.

நீங்கள் விரும்பும் பிரிவின் அடிப்படைக் கணக்கு மூன்று எண்களின் பெருக்கல்தான். 10 லட்சம் ரூபாய் கடன் நிலுவையில் இருக்கிறது. ஓராண்டுக்குள் அது வாராக்கடனாகும் வாய்ப்பு 2 சதவீதம். அப்படி ஆனால் மீட்க முடியாமல் போவது 40 சதவீதம் என்றால், எதிர்பார்க்கும் இழப்பு 8,000 ரூபாய். ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற கணக்கியல் நெறி 2018இல் நடைமுறைக்கு வந்தபின், தவணை தவறும்வரை காத்திராமல் இந்த இழப்பை முன்கூட்டியே கணக்கிட்டு நிதி ஒதுக்க வேண்டிய கடமை பல நாட்டு வங்கிகளுக்கு ஏற்பட்டது. இப்பணிக்கான தேவை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெருக்கல் எளிது, அந்த 2 சதவீதத்தை எட்டுவதுதான் கடினம். பெரும்பாலும், ஒன்று நடக்குமா நடக்காதா என்பதன் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறையையே பயன்படுத்துகிறார்கள், அதை நீங்கள் கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் தரவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கடன் கிடைத்தவர்கள் மட்டுமே. மறுக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்திருந்தால் ஒழுங்காகக் கட்டியிருப்பார்களா என்பதற்குத் தரவில் விடையே இல்லை. தன் பெயரில் கடனோ கிரெடிட் கார்டோ இல்லாமல், கணவர் பெயரிலுள்ள வீட்டுக் கடனுக்குத் தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தவணை கட்டிவந்த ஒரு பெண்ணை மாடல் முன்வரலாறு அற்றவராகவே பார்க்கும். இந்த வெற்றிடத்தைக் கண்டு கேள்வி எழுப்புபவரையே நான் நல்ல மாடலர் என்பேன்; பதினைந்து ஆண்டுகளாக இப்பணியில் இருக்கும் எனக்கு நிரலாக்கத் திறனைவிட அதுவே அரிதாகத் தென்பட்டிருக்கிறது.

ஆகவே தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல்., நிரல் எழுத உதவும் பைத்தான் ஆகிய இரண்டு கணினி மொழிகளையும் ஆறு மாதம் நாள்தோறும் பழகுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கடன் தரவு ஒன்றை எடுத்து, ஒரு மாடலை முழுமையாக உருவாக்கி, அது எங்கே தவறுகிறது என்பதை நான்கு பக்கங்களில் எழுதுங்கள். நிதி இடர் மேலாண்மைக்கான எஃப்.ஆர்.எம். என்ற சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வின் முதல் பகுதியை முடித்தால் விண்ணப்பம் கவனிக்கப்படும், அது கட்டாயமன்று. நேர்முகத் தேர்வில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த நான்கு பக்கங்களை முன்வையுங்கள்.

மாடல் உருவாக்கும் பணிகளோடு, மாடல் வேலிடேஷன் பிரிவின் பணிகளுக்கும் விண்ணப்பியுங்கள். மாடலை உருவாக்கியவர் அல்லாத வேறொருவர் அதைத் தனித்துச் சரிபார்க்கும் பிரிவு அது. ஆண்டுக்குப் பல மாடல்களைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைப்பதால், விட்டுப்போன ஆறு ஆண்டுகளை ஈடுகட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.