மரவள்ளிக்கு லோன் போட்டு வண்டி வாங்கலாமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் 3 ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறேன். புரோக்கரிடம் 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியதால் கிழங்கை அவருக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது, அவர் சொல்லும் பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்துக் கணக்கு) கட்டுபடியாகவில்லை. 7 லட்சம் கடன் போட்டு மினி லாரி வாங்கி நானே ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாங்க. 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணையே கிட்டத்தட்ட 15,000 ரூபாய். ஏக்கருக்கு 10 டன் எடுத்தாலும் மொத்தம் 30 டன், அதை ஏற்றி முடிக்கச் சில நாள் போதும், மீதி நாளெல்லாம் வண்டி வாடகைக்கு ஓடினால்தான் தவணை கட்ட முடியும், அது தனித் தொழில்.

பணம் போவது பாயிண்டில். ஆலையில் மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டு மாவுச்சத்தைக் கணிக்கிறார்கள், அந்தப் பாயிண்டை வைத்துத்தான் டன்னுக்கு விலை. பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் 27 வந்ததை புரோக்கர் உங்களிடம் 24 என்று சொன்னால் டன்னுக்கு 900, 30 டன்னுக்கு 27,000 ரூபாய் போச்சு. வட்டியில்லா அட்வான்ஸ் என்று நினைத்த 60,000க்கு நீங்கள் கட்டுகிற வட்டி அது!

இந்த வருடம் பேசியபடி அவருக்கே கொடுங்கள், ஆனால் லோடு கூடவே ஆலைக்குப் போங்கள், மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், எடைமேடைச் சீட்டையும் பாயிண்ட் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும், அதனால் ஆலையில் என்றைக்கு எடுப்பார்கள் என்று உறுதியான பிறகுதான் ஆளை இறக்க வேண்டும்.

கிழங்குப் பணம் வந்ததும் முதலில் அந்த அட்வான்ஸை அடைத்துவிடுங்கள். அடுத்த நடவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள், கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. மரவள்ளி பத்து மாதப் பயிர் என்பதால் கெடு தேதி அறுவடைக்கு அப்புறம் விழுகிற மாதிரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு, ஒழுங்காகக் கட்டினால் 3 லட்சம் வரைக்கும் 4 சதவீதம்தான்.

அப்புறம், சேலம் சேகோசர்வ் என்பது ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம், அங்கே கிழங்கு விற்க முடியாது. ஆனாலும் அங்கே ஜவ்வரிசி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துக்கொண்டு, கையில் இந்த வருடச் சீட்டுகளோடு, பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு மூன்று ஆலைகளில் விலை பேசுங்கள். லாரியை வாடகைக்கு எடுத்தால் போதும்.